திராட்சை சைவம்தான்... ஒயின்?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வீகன் ஒயின். மீதி அரசியல். அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

கே: ஒயின் என்பது புளித்த திராட்சைச் சாறு. அதில் அசைவம் எங்கிருந்து வந்தது?
*– தயிரைத் துறந்தவர், கோவை*

திராட்சையிலிருந்து வரவில்லை, அவசரத்திலிருந்து வந்தது. புளித்து முடிந்த புது ஒயின் கலங்கலாக இருக்கும். செத்த ஈஸ்ட், திராட்சையின் புரதம், தோலிலிருந்து இறங்கிய துவர்ப்பு எல்லாம் மிதக்கும். மாதக்கணக்கில் சும்மா விட்டால் பெரும்பாலானவை தானே அடியில் தங்கும். வியாபாரத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? கசடைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க ஒரு பொருளைக் கலக்கிறார்கள். ஜாங்கிரிக்குப் பாகு காய்ச்சுகிறவர் அதில் ஒரு கரண்டி பால் விடுவாரே, அழுக்கெல்லாம் நுரையோடு ஒதுங்குமே, ஏறக்குறைய அதே வேலைதான். தொழிலில் இதற்கு ‘ஃபைனிங்’ என்று பெயர். கலக்குகிற பொருள் எது என்பதில்தான் வீகன்களின், அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதவர்களின், வழக்கு.

கே: அந்தப் பொருட்களைப் பட்டியல் போடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் படிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.
*– வாசகி, தஞ்சாவூர்*

உறுதியை நம்பி எழுதுகிறேன். முட்டை வெள்ளைக்கரு. பாலிலிருந்து எடுக்கும் கேசின். மாடு, பன்றி இவற்றின் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் ஜெலட்டின். மீனின் காற்றுப்பையிலிருந்து வரும் ஐசிங்கிளாஸ். ஒரு காலத்தில் மாட்டு ரத்தமும் இந்த வரிசையில் இருந்தது. மாட்டுப் பைத்திய நோய் ஐரோப்பாவை உலுக்கிய 1990களில் அதற்கு அங்கே தடை வந்தது. கைட்டோசான் என்று இன்னொன்று உண்டு. இறால், நண்டு ஓட்டிலிருந்தும் எடுக்கலாம், பூஞ்சையிலிருந்தும் எடுக்கலாம். ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது பூஞ்சையில் எடுத்ததை மட்டும்தான். நண்டு தப்பித்தது.

கே: மீனின் காற்றுப்பையை ஒயினில் போடுகிறார்களா? கதை விடாதீர்கள்.
*– கடற்கரைவாசி, பாம்பன்*

பாம்பன்காரரே நம்பாவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? உங்கள் ஊர் வலையில் கூரல் கத்தாழை விழுந்தால் மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. அந்த விலை மீன் கறிக்கா? வயிற்றுக்குள் இருக்கும் நெட்டிக்குத்தானே! அதே உறுப்புதான். உங்கள் ஊர் நெட்டி பெரும்பாலும் கிழக்காசியாவில் சூப்பாகிறது. ஐரோப்பாவில் காயவைத்த நெட்டியை மென்மையான அமிலத்தில் ஊறவைத்துப் பசை போன்ற கரைசலாக்கி, பீரையும் வெள்ளை ஒயினையும் பளிச்சென்று ஆக்கினார்கள். முதலில் ரஷ்யாவின் ஸ்டர்ஜன் மீனிலிருந்து எடுத்தார்கள். அது கட்டுப்படியாகாததால், 1795 வாக்கில் வில்லியம் மர்டாக் என்கிற ஸ்காட்லாந்து பொறியாளர் காட் மீனை வைத்து மலிவாகச் செய்யும் வழி கண்டுபிடித்தார். கின்னஸ் பீரும் நெட்டி போட்டுத் தெளிந்ததுதான். கைவிடப்போவதாக 2015இல் அறிவித்தார்கள். 2017இல் பீப்பாய் கின்னஸ் மீனில்லாமல் வந்தது.

கே: முட்டையை எப்படிப் போடுவார்கள்? ஆம்லெட் ஆகிவிடாதா?
*– சமையல்காரர், காரைக்குடி*

அடுப்பு இல்லாததால் ஆகாது. பிரான்சின் போர்தோ பகுதியில் சிவப்பு ஒயினுக்கு இது பரம்பரை வழக்கம். 225 லிட்டர் பீப்பாய்க்கு நாலைந்து முட்டை. மஞ்சள்கருவைப் பிரித்து வைத்துவிட்டு, வெள்ளைக்கருவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, நுரை கட்டாமல் மெதுவாக அடித்து, பீப்பாயின் வாய் வழியாக ஊற்றிக் கோலால் கலக்குவார்கள். சிவப்பு ஒயின் குடித்தால் நாக்கு வறண்டு இழுக்கிறதே, அது டேனின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. முட்டையும் புரதம்தானே. உங்கள் வாயில் நடக்கவேண்டியது பீப்பாயிலேயே நடந்துவிடும். முரட்டு டேனின் முட்டையோடு சேர்ந்து கனத்து அடியில் இறங்கும். சில வாரம் கழித்து மேலே தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். மிச்சமான மஞ்சள்கருவை என்ன செய்தார்கள் என்றுதானே அடுத்த கேள்வி? போர்தோவின் கனலே என்ற கேக் அதிலிருந்து பிறந்ததாக ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்.

கே: கசடோடு அதையும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். பாட்டிலில் இல்லாத முட்டைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?
*– தர்க்கம் பேசுபவர், திருச்சி*

நல்ல வாதம், தவறான நீதிமன்றம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர் கேட்பது, “பாட்டிலில் எவ்வளவு மிச்சம்?” வீகன் கேட்பது, “இதற்காக யாரைப் பயன்படுத்தினீர்கள்?” முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடம் பதில் சொல்லும். இரண்டாவதற்குத் தயாரித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். உலகத்துச் சட்டங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடுகின்றன.

கே: ஐரோப்பாவில் எல்லாவற்றையும் லேபிளில் எழுதுவார்களே! ஒயினுக்கு மட்டும் என்ன?
*– ஈழத்து வாசகர், பாரிஸ்*

எழுதுகிறார்கள், ஒவ்வாமைக்காக. 2012 ஜூலை முதல் அங்கே முட்டை, பால் சார்ந்த பொருள் ஒயினில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் அளவில் தென்பட்டாலே குறிப்பிட வேண்டும். அதற்குக் கீழே போய்விட்டால் பேச்சில்லை. ஆக, ‘முட்டை உள்ளது’ என்று எழுதியிருந்தால் அது வீகன் இல்லை. எழுதாவிட்டால் வீகன் என்று பொருள் இல்லை. மீன் நெட்டிக்கோ ஒவ்வாமைப் பட்டியலிலிருந்தே விலக்கு. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாராகும் ஒயின்களுக்கு உள்ளடக்கப் பட்டியல் கட்டாயம்தான். பல பாட்டில்களில் கியூஆர் கோடாக வருகிறது. ஆனால் ஃபைனிங் பொருட்கள் ‘தயாரிப்புக்கு உதவியவை’ என்ற கணக்கில் வருவதால், ஒவ்வாமை தருபவை தவிர மற்றவை பட்டியலில் ஏறாது. உதவி செய்தவர்களை விழா மேடையில் ஏற்றாத பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

கே: நம் நாட்டில் பிஸ்கட்டுக்குக்கூடப் பச்சைப் புள்ளி இருக்கிறது. ஒயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் புள்ளியைக் காணோம்.
*– கண்ணாடி மாற்றலாமா என்று யோசிப்பவர், சேலம்*

கண் நன்றாகத்தான் இருக்கிறது. சைவ, அசைவக் குறியீட்டு விதியிலிருந்து மதுபானங்களுக்கு விலக்கு உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். பச்சைப் புள்ளியே இருந்தாலும் வீகனுக்கு அது போதாது. நம் கணக்கில் பால் சைவம். கேசின் போட்ட ஒயின் பச்சைப் புள்ளியில் தேறிவிடும், வீகனிடம் தோற்றுவிடும். அதனால்தான் 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறையும் சின்னமும் கொண்டுவந்தது: பச்சை ‘வி’ எழுத்து, மேலே ஒரு குட்டி இலை.

கே: உயிரினத்தைத் தொடாமல் ஒயின் தெளியவே தெளியாதா?
*– வாசகி, புதுச்சேரி*

தாராளமாகத் தெளியும். பென்டோனைட் என்று ஒரு களிமண், எரிமலைச் சாம்பலிலிருந்து உருவானது. அதற்கு எதிர்மின்னேற்றம். ஒயினில் மிதக்கும் புரதத்துக்கு நேர்மின்னேற்றம். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் வெள்ளை ஒயினுக்கு இதுதான் அன்றாட மருந்து. ஆகவே வீகன் என்ற பேச்சே எடுக்காத பல வெள்ளை ஒயின்கள் தற்செயலாகவே வீகன். துவர்ப்பைக் குறைக்கப் பட்டாணிப் புரதம், உருளைக்கிழங்குப் புரதம் வந்துவிட்டன. நிறம், வாடை எடுக்கக் கரித்தூள். நுண்வடிகட்டிகள் தனி. களிமண்ணிலும் குறை இல்லாமலில்லை: அடியில் சேறு அதிகம் தங்கும், அதோடு கொஞ்சம் ஒயினும் போகும், அளவு மீறினால் மணமும் போகும். இத்தனைக்கும் மேலே ஒரு வழி, சும்மா இருந்து தெளியவிடுவது. செலவு குறைவு, ஆனால் வட்டி கட்டுகிறவருக்குத் தூக்கம் வராது.

கே: சிவப்பு பாதுகாப்பா, வெள்ளையா? விலை கூடினால் நம்பலாமா?
*– அவசரக்காரர், மதுரை*

நிறமும் உதவாது, விலையும் உதவாது. பீப்பாய்க்கு முட்டை உடைத்து ஊற்றும் பொறுமை பெரும்பாலும் விலையுயர்ந்த சிவப்புக்குத்தான் உண்டு.

கே: ஆர்கானிக், பயோடைனமிக் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே?
*– இயற்கை விரும்பி, ஈரோடு*

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். ஆர்கானிக் என்பது தோட்டத்தில் என்ன தெளித்தார்கள், ஆலையில் என்னென்ன சேர்க்கலாம் என்ற கணக்கு. அதில் முட்டைக்குத் தடை இல்லை. பயோடைனமிக் இன்னும் சுவாரசியம். 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த முறை இது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, பிறகு எடுத்து நீரில் கலக்கித் தெளிப்பார்கள். உங்கள் ஊர் இயற்கை விவசாயிகளுக்குக் கொம்பு சாண உரம் புதிதல்ல. இன்னொரு கலவைக்கு ஆண் மானின் மூத்திரப்பை, வேறொன்றுக்கு மாட்டுக் குடல். ஃபைனிங்கே செய்யாத பயோடைனமிக் ஒயின், பாட்டிலில் வீகன், தோட்டத்தில் இல்லை. எங்கே கோடு போடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கே: அப்படியானால் ஃபைனிங், வடிகட்டல் எதுவும் செய்யாத பழங்கால முறை ஒயின்தான் எனக்குச் சரி. ஜார்ஜியா நாட்டு மண்பானை ஒயின் எப்படி?
*– தீர்மானமாக இருப்பவர், பெங்களூரு*

உங்கள் தீர்மானத்தைக் கலைக்க மனமில்லை, ஆனால் கேட்டுவிட்டீர்கள். ‘குவெவ்ரி’ என்ற பெரிய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, திராட்சையைத் தோலோடு போட்டுப் புளிக்கவிடும் முறை அது. 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பல மாதம் கிடந்து தானே தெளிகிறது. எல்லாம் சரி, பானையின் உட்புறத்தில் பூசுவது தேன்மெழுகு. தேனையே தொடாத வீகனுக்கு இங்கே ஒரு தடுக்கல். சில பாட்டில்களின் வாய்க்கு முத்திரை வைக்கும் மெழுகிலும், லேபிள் ஒட்டும் கேசின் பசையிலும் இதே தகராறு உண்டு. ஒன்று நினைவிருக்கட்டும். 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கமே, நடைமுறையில் முடிந்தவரை தவிர்ப்பது என்றுதான் வீகனை வரையறுக்கிறது. முடிந்தவரை.

கே: ருசியில் வித்தியாசம் தெரியுமா?
*– நாக்கு நீண்டவர், நாகர்கோவில்*

தெரிகிறது என்பவரிடம் லேபிளை மறைத்து இரண்டு கிளாஸ் நீட்டுங்கள். பேச்சு நின்றுவிடும்.

கே: டாஸ்மாக் கடையில் வீகன் ஒயின் கேட்கலாமா?
*– துணிச்சல்காரர், விழுப்புரம்*

கேட்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் கவுண்டரில் நின்று, “அண்ணே, இதை எதை வைத்துத் தெளியவைத்தார்கள்?” என்று கேட்டால் கடைக்காரர் பதில் சொல்வதற்குள் பின்னால் நிற்பவர் உங்களைத் தெளியவைத்துவிடுவார். கூட்டமில்லாத நேரத்தில் பாட்டிலின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். தயாரிப்பாளரின் முகவரி அதில் இருக்கும். ஒரே வரியில் எழுதிக் கேளுங்கள்: “இந்த ஒயினுக்கு, இந்த ஆண்டுக்கு, ஃபைனிங்கில் என்ன பயன்படுத்தினீர்கள்?” ஆண்டு முக்கியம். போன வருஷம் களிமண் போட்டவர் இந்த வருஷம் முட்டைக்கு மாறியிருக்கலாம். அறுவடை எப்படி வந்ததோ அதைப் பொறுத்தது. “எங்கள் ஒயின் இயற்கையானது” என்று பதில் வந்தால் அது பதில் இல்லை.

கே: லண்டனில் இருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. சுருக்குவழி?
*– வாசகி, ஹாரோ*

உங்களுக்குச் சுலபம். வீகன் சங்கத்தின் சூரியகாந்திச் சின்னம், அல்லது மஞ்சள் வட்டத்தில் இலை முளைத்த ‘வி’ இருக்கும் வி-லேபிள் சின்னம் பாருங்கள். வி-லேபிளில் ‘சைவம்’, ‘வீகன்’ என இரண்டு வகை உண்டு. கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். கோ-ஆப், எம் அண்ட் எஸ் போன்ற கடைகள் சொந்தப் பெயரில் விற்கும் ஒயின்களில் வீகன் என்று அச்சிடுகின்றன. சின்னம் இல்லாத பாட்டிலுக்கு பார்னிவோர் என்ற இணையப் பட்டியல் கைகொடுக்கும். வாசகர்களே கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டு வாங்கிய பதில்களின் தொகுப்பு அது. பதில் எந்தத் தேதியில் வந்தது என்பதையும் பாருங்கள்.

கே: வீகன் ஒயின் என்றால் உடம்புக்குக் கெடுதல் குறைவுதானே?
*– நம்பிக்கையாளர், வேலூர்*

ஆல்கஹாலும் வீகன்தான் சார். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தப்பித்தது மீனும் கோழியும். உங்கள் கல்லீரலுக்குச் சலுகை எதுவும் அறிவிக்கப்படவில்லை.

கே: நான் வீகன். மதுவைத் தொட்டதே இல்லை. இந்த வாரம் முழுக்க எனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தை எழுதி என் நேரத்தை வீணாக்கிவிட்டீர்கள்.
*– கோபக்காரர், கும்பகோணம்*

காலையில் நீங்கள் குடிக்கும் ஆப்பிள் ஜூஸ் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறதா? பழத்தைப் பிழிந்தால் அப்படி வராது. அதைத் தெளியவைக்க ஜெலட்டின் போடுவதும் ஆலைகளில் பழைய வழக்கம். சாலட்டில் விடுகிற ஒயின் வினிகரின் பூர்வோத்திரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். விழுப்புரம்காரருக்குச் சொன்ன ஒரு வரிக் கடிதம் ஜூஸ் கம்பெனிக்கும் பொருந்தும். ‘ஒயின்’ என்ற இடத்தில் ‘ஜூஸ்’ என்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், போதும்.