அதுதான் பதில் சொல்லுதே, மாப்ளே!

மாப்ளே, ஷிகாகோவுல உக்காந்துக்கிட்டு பழைய ஐபிஎம் பி.சி. ஒண்ணையும், அதுக்குத் தோதா ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் 1200 ஒண்ணையும் விலைக்கு வாங்கியிருக்கீருன்னு கேள்விப்பட்டேன். நல்ல காரியம். நகை வாங்கினா கள்ளன் பயம், நிலம் வாங்கினா பங்காளி பயம். இதை வாங்கினா ஒருத்தன் கண்ணும் படாது.

ஆனா மோடம் பேச மாட்டேங்குது, சாஃப்ட்வேர் சரியில்லைன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பொலம்புதீராமே, என் மவ சொன்னா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீரு ஓட்டுத பி.சி.-டாக்கு, ஆண்ட்ரூ ஃப்ளூகெல்மன் 1982-ல எழுதினது. யாரு வேணாலும் நகல் எடுத்துக்கிடலாம், புடிச்சிருந்தா 25 டாலர் அனுப்பினாப் போதும்னு ஊருக்கே விட்டுட்டாரு மனுசன். அத்தனை பேரு கையில ஓடினது உம்ம கையில மட்டும் ஓடலைன்னா கோணல் எங்க இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். மருமவன்ங்கிற மரியாதை இருக்குல்லா.

லைன்மேனாக் கம்பத்துல ஏறின கிழவனுக்கு மோடத்தைப் பத்தி என்ன தெரியும்னு நெனைப்பீரு. பெருமைக்காக எனக்கு வாட்ஸ்அப்புல ஒரு கையேட்டைப் படம் புடிச்சு அனுப்பினீரே, அதை நான் முழுசாப் படிச்சேன். நீரு படம் புடிச்சதோட சரி.

உம்ம வைத்தியம் எனக்குத் தெரியாதா? ஒரே மூச்சுல கேபிளை மாத்துவீரு, வேகத்தை மாத்துவீரு, சுவிட்சைத் தட்டுவீரு, ரெண்டு தடவை அணைச்சுப் போடுவீரு. பொறவு சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, கெட்டாலும் எதனால கெட்டுதுன்னு தெரியாது. லைன்மேன் அப்பிடிச் செய்ய மாட்டான். நடுக் கம்பத்துல நின்னு, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முதல்ல கேப்பான். உமக்கு நடுக் கம்பம் அந்த மோடந்தான்.

முதல்ல ஃபோன் வயரைப் பிடுங்கிப் போடும். கம்ப்யூட்டர் பெட்டியும் மோடமும் மட்டும் பேசட்டும். ஏ.டி.ன்னு பெரிய எழுத்துல அடிச்சு என்டரைத் தட்டும். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா அது காது குடுக்காது. அந்த ரெண்டு எழுத்து வார தினுசை வச்சுத்தான் நீரு என்ன வேகத்துல பேசுதீரு, என்ன பாரிட்டின்னு, அதாவது தப்பு புடிக்கக் கூடவே சேக்குத பிட்டு என்னன்னு, மோடம் கண்டுக்கிடும். திரையில ஓ.கே.ன்னு வந்தா பெட்டி, கேபிள், மோடம் மூணும் யோக்கியம். என் மவளை அந்த ரெண்டு எழுத்துச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரும், ஓ.கே.ன்னா வரும்?

ஓ.கே. வரலையா? மோடத்து நெத்தியில செவப்பு வெளக்கு வரிசையா வச்சிருக்கான், அழகுக்குன்னா நெனைச்சீரு? எம்.ஆர். எரிஞ்சா மோடம் தயார். டி.ஆர். எரிஞ்சா பெட்டி தயார். நீரு தட்டும்போது எஸ்.டி. மினுக்கணும், மோடம் பதில் சொல்லும்போது ஆர்.டி. மினுக்கணும். எஸ்.டி. மினுக்கலைன்னா உம்ம எழுத்து அங்கன போயே சேரல. பெட்டியில காம்1 போர்ட்டுல சொருகிட்டு, சாஃப்ட்வேர்ல காம்2-ன்னு சொல்லியிருப்பீரு. இல்லைன்னா ரெண்டு கம்ப்யூட்டரை நேருக்கு நேர் கட்டுத நல்-மோடம் கேபிளை மாட்டியிருப்பீரு. அதுல 2-ம் 3-ம் மாறிக் கெடக்கும். ரிசீவரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, பேசுத இடத்துல காதை வச்ச கதைதான். மோடத்துக்கு நேர் கேபிள்தான் வேணும்.

எஸ்.டி. மினுக்கியும் ஆர்.டி. அசையலைன்னா முன்பக்கத் தகட்டைக் கழட்டும். உள்ளே சின்னச் சின்னச் சுவிட்சு இருக்கும். கட்டளையைக் கேக்காதேன்னு ஒண்ணு, பதில் சொல்லாதேன்னு ஒண்ணு. பழைய சொந்தக்காரன் என்ன வெறுப்புல தள்ளி வச்சானோ! கையேட்டைப் பாத்துத் திருப்பி வையும்.

நல்லவேளை, உள்ளே சொருகுத மோடத்தை வாங்கல. அதை காம்3-ல வச்சு, மவுசை காம்1-ல வச்சீருன்னா, ரெண்டுக்கும் பெட்டியைக் கூப்பிடுத மணி ஒரே ஐ.ஆர்.க்யூ. 4-தான். மவுசை அசைச்சா மோடம் சாவும், மோடம் பேசினா மவுசு சாவும். அப்பவும் சாஃப்ட்வேரைத்தான் வைவீரு.

இனி ஃபோன் வயரைச் சொருகலாம். டயல் டோன் வருதுன்னு துள்ளாதீரும். அது செம்புக் கம்பியில வாரதா, இல்ல உம்ம இன்டர்நெட் பெட்டிக்குப் பின்னால இருந்து வாரதா? பின்னதுன்னா, அது குரலைத் துண்டு துண்டாக்கி அனுப்புது. சிலதைச் சுருக்கும், சிலதைத் தவற விடும், காதுக்குத் தெரியாது. உம்ம மாமியா பேச்சுல நாலு வார்த்தை உதிர்ந்தா உமக்கு லாபம். மோடத்துக்கு அதுவே எமன். 1200-ஐ 300-க்குக் குறைச்சுப் பாரும், சில நேரம் தப்பிக்கும். கால் வெயிட்டிங் இருந்தா அதையும் அடக்கி வையும். அமெரிக்காவுல நம்பருக்கு முன்னால ஸ்டார் 70 போட்டு ஒரு கமா வச்சாப் போதும். கமான்னா மோடம் ரெண்டு செகண்டு பொறுத்திருக்கும். நடுவுல இன்னொரு அழைப்பு வந்து 'டொக்கு'ன்னா லைன் அறுந்துரும்.

டயல் பண்ணும்போது ஸ்பீக்கரைக் கூட்டி வச்சுட்டு வாயை மூடிக்கிட்டுக் கேளும். டோன் வரலைன்னா கோளாறு லைன்ல. நம்பரை அடிச்ச பொறவும் டோன் நிக்கலைன்னா, எக்ஸ்சேஞ்சுக்கு உம்ம டோன் டயல் புரியல. டயல் கட்டளையில டி-க்குப் பதில் பி போட்டுப் பல்ஸ்ல அடியும். மணி அடிச்சுக்கிட்டே இருந்தா, மில்வாக்கியில உம்மளை மாதிரியே ஒருத்தரு இருக்காராமே, அவரு தூங்கிட்டாரு. மனுசக் குரல் 'ஹலோ'ன்னா நம்பர் தப்பு, மன்னிப்புக் கேளும். 2225 ஹெர்ட்ஸ்ல 'கீ'ன்னு விசில் வந்தா அந்தப் பக்கத்து மோடம் எடுத்துட்டு. விசில் வந்தும் திரையில நோ கேரியர்னு விழுந்தாத்தான் ரெண்டு மோடமும் ஒத்துப் போகலைன்னு அர்த்தம். ஒவ்வொரு சத்தமும் ஒரு கம்பம், மாப்ளே. எந்தக் கம்பத்துல சத்தம் நின்னுதோ, அங்கன ஏறும்.

கனெக்ட் ஆயிட்டு, ஆனா திரை பூரா குப்பையா? இங்கதான் உமக்குப் பொறுமை போவும். கொஞ்சம் உத்துப் பாரும். குப்பை நெனைச்ச நேரத்துக்கு வந்தா லைன் இரைச்சல். ஏ, பி ஒழுங்கா வந்து, சி மட்டும் எப்பவும் கோடு கிழிச்ச மாதிரி வந்தா அது பாரிட்டி. மில்வாக்கிக்காரரு ஏழு பிட்டும் ஈவன் பாரிட்டியும் அனுப்புதாரு, நீரு எட்டுப் பிட்டுன்னு வாங்குதீரு. ஏ, பி ரெண்டுலயும் 'ஒண்ணு' ரெட்டைப்படை, அதனால பாரிட்டி பிட்டு சுழி, எழுத்து தப்பிக்கும். சி-யில மூணு 'ஒண்ணு', பாரிட்டி பிட்டு எட்டாவதா ஏறி எழுத்தையே மாத்திரும். பாத்தீரா, குப்பைக்குள்ளயும் ஒழுங்கு இருக்கு. ஒரே எழுத்து எப்பவும் கெட்டா செட்டிங், கண்டது கெட்டா கம்பி. ஒண்ணுமே புரியாத முழுக் குப்பைன்னா வேகம் ஒத்துப்போகல. அந்தப் பக்கம் 300-ன்னா நீரும் 300-க்கு இறங்கணும்.

ஃபைல் வாங்கணும்னா எட்டுப் பிட்டுதான் வேணும். ஃபைல் அனுப்புத எக்ஸ்மோடம் முறையை 1977-ல எழுதின வார்ட் கிறிஸ்டென்சன் உம்ம ஊர்ப் பக்கத்து ஆளுதான். அது 128 பைட்டு 128 பைட்டா அனுப்பி, ஒவ்வொண்ணுக்கும் கூட்டுத்தொகை பாத்து, தப்புன்னா அதை மட்டும் திருப்பிக் கேக்கும். மறுவருசம் ஜனவரியில ஷிகாகோ பனியில முடங்கிக் கெடந்தப்ப, அவரும் ராண்டி சூஸும் சும்மா இருக்காம மோடத்துல கூப்பிடுத தகவல் பலகை ஒண்ணைக் கட்டி, பிப்ரவரி 16-ல ஓட விட்டாங்க. அதே ஊர்ப் பனியில உமக்கு ஏ.டி.க்கு ஓ.கே. வரலைங்கிறீரு.

பேச்சு நடுவுல மோடத்துக்குக் கட்டளை குடுக்கணும்னா மூணு பிளஸ் அடியும். ஆனா அடிக்கும் முன்னால ஒரு செகண்டு, அடிச்ச பின்னால ஒரு செகண்டு ஒண்ணும் தொடக் கூடாது, என்டரும் தட்டக் கூடாது. நம்ம குடும்பத்துல ஒரு செகண்டு சும்மா இருந்த ஆளு யாருமில்ல, உமக்கு இது கஷ்டந்தான். ஓ.கே. வந்ததும் ஏ.டி.எச். அடிச்சா லைனை வச்சிரும்.

எல்லாம் சரியாயிட்டுன்னா வேகம், பிட்டு, பாரிட்டி மூணையும் ஒரு காயிதத்துல எழுதி மோடத்துக்கு அடியில ஒட்டி வையும். அடுத்த மாசம் நீரு மறந்துருவீரு, மோடம் மறக்காது. ஜெயிச்ச சந்தோஷத்துல மாமனாருக்குச் சொல்லணும்னு அந்த ரிசீவரை மட்டும் எடுத்துராதீரும், அந்த நிமிசமே லைன் அறுந்துரும். செல்போன்ல கூப்பிடும். உமக்கு நடுராத்திரி, எனக்குச் சாப்பிட்டுப் படுத்த நேரம். நான் எடுக்க மாட்டேன். மணி அடிச்சும் எடுக்கலைன்னா என்ன அர்த்தம்னுதான் இப்ப உமக்குத் தெரியுமே.