காஸைப் பூட்டினனீங்களோ?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கென்று கல்கிசையில் ஓட்டோ ஏறினோம். தெஹிவளைச் சந்திகூட வரவில்லை.

“இஞ்சாருங்கோ, காஸைப் பூட்டினனீங்களோ?”

பூட்டினேன். பூட்டியதோடு நிற்காமல் ரெகுலேட்டரையே கழற்றிக் குசினி மேசையில் வைத்தேன்.

“மேசையிலயோ? நான் காணேல்லையே.”

வெளியூர் போகுமுன் வீட்டில் செய்யவேண்டிய எளிய முன்னேற்பாடுகள் ஏழெட்டைச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன். முதலாவதே இது. வெள்ளவத்தைப் பாலத்தில் கேள்வி உருமாறியது: “கழட்டினாப்பிறகு மூடியைப் போட்டனீங்களோ?” போட்டேன். யாழ்ப்பாண பஸ்ஸுக்காகக் காலி வீதியோரம் பெட்டிகளோடு நிற்கையில்: “எந்த மூடி?” 12.5 கிலோ சிலிண்டருக்கு எத்தனை மூடி இருக்கும்? பஸ்ஸில் ஏறி இருந்ததும்: “வடிவா அழுத்தினனீங்களோ?” முன் சீட்டிலிருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் தன் கணவரின் தோளைத் தட்டி, “இஞ்சாருங்கோ, நாங்கள் பூட்டினனாங்களோ?” என்றார். அந்த மனிதரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

2021 கார்த்திகை, மார்கழியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததும், சிலிண்டருக்குள் புரோப்பேன் கூடிவிட்டதென்று விளக்கம் சொன்னதும் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பயம் நியாயமானதுதான். நிம்மதியாகப் பயணம் போயிருக்கக்கூடிய ஒரே வருடம் 2022. வீட்டில் காஸ் இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு டீசலும் இல்லை.

மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறார் கனடா மைத்துனர். நிறுத்தினால் பிரிட்ஜிலிருக்கும் அறக்குளா நாறும். நிறுத்தாவிட்டால் பிரிட்ஜின் பின்தட்டில் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் நுளம்பு முட்டைக்குள்ளிருந்து வந்து பறக்க எட்டுப் பத்து நாள் போதும். நல்லூர்த் திருவிழாவோ 25 நாள். நாங்கள் தீர்த்தம் பார்த்துவிட்டுத் திரும்ப, பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பரம்பரையே வாழ்ந்து முடித்திருக்கும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, வீட்டுக்காரன் என்று வழக்கு என்மேல்தான் விழும். இதைப்பற்றி பஸ்ஸில் ஒரு சனம் கவலைப்படவில்லை. காஸ், காஸ், காஸ்.

சிலாபத்தில் பக்கத்து வீட்டு நோனாவுக்கு அழைப்புப் போனது. பாவம், இரவு பத்து மணிக்கு டோர்ச்சோடு எங்கள் குசினி யன்னலடிக்குப் போய் மணந்து பார்த்திருக்கிறார்.

“ஒரு மணமும் இல்லையாம்.”

“அப்ப சரிதானே? இனி நித்திரை கொள்ளும்.”

“என்ன சரி? அவவுக்கு இப்ப தடிமன் எல்லோ.”