பேய் போயாச்சு, பாகம் போகலை

கேள்வி: ‘தி எக்ஸார்ஸிஸ்ட்’ படத்துக்கு இரண்டாம் பாகம் எதற்கு?

பதில்: வசூலுக்கு. வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய முதல் படம் (1973) பேய்ப்படமாக இருந்தும் 10 ஆஸ்கர் பரிந்துரைகளும் 2 விருதுகளும் பெற்றது. கதையும் அதிலேயே முடிந்துவிட்டது. சிறுமி ரீகன் பிழைத்தாள், பேயோட்ட வந்த பாதிரியார்கள் இருவரும் செத்தார்கள். இயக்குநர், கதாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டி, தாயாக நடித்த எலன் பர்ஸ்டின் என மூவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். வார்னர் பிரதர்ஸ் ஒதுங்கவில்லை.

கேள்வி: அந்த இரண்டாம் பாகம் எங்கே சறுக்கியது?

பதில்: இயக்குநரைப் பிடித்த இடத்திலேயே. முதல் படத்தை இயக்க அழைத்தபோது, குழந்தையை வதைக்கும் கதை என்று மறுத்தவர் ஜான் பூர்மன். அவரிடமே ‘தி ஹெரெடிக்’ (1977) போய்ச் சேர்ந்தது. மருத்துவரும் ரீகனும் எதிரெதிரே உட்கார்ந்து, தலையில் பட்டை மாட்டிக்கொண்டு, மினுக்கும் விளக்கைப் பார்த்தபடி ஒரே மயக்கத்துக்குள் இறங்குகிறார்கள். ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளிப் படை பறக்கிறது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வெட்டுக்கிளி வேடத்தில் வருகிறார். பேய் மேக்கப் போட, ரீகனாக நடித்த லிண்டா பிளேர் மறுத்ததால் அந்தக் காட்சிகளில் டூப். தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூர்மன் வெட்டி ஒட்டிப் பார்த்தார், சிரிப்பு நிற்கவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அந்த வீட்டுக்கு, அந்தச் சிறுமிக்கு ஏன் பேய் பிடித்தது என்று முதல் படம் கடைசிவரை சொல்லாது. இரண்டாம் படம் சொல்லிவிட்டது: ரீகனுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு, பேய்க்கு அது ஆகாது. காரணம் தெரிந்துவிட்டால் யார் பயப்படுவார்கள்?

கேள்வி: மற்ற தொடர்களுக்கும் இதே வியாதியா?

பதில்: பலவற்றுக்கு. ‘ஹாலோவீன்’ (1978) கொலைகாரன் மைக்கேல் மையர்ஸுக்குக் காரணமே கிடையாது. 1981-இல் வந்த இரண்டாம் பாகம் அவனைக் கதாநாயகியின் அண்ணனாக்கியது. 2018-இல் வந்த படம் அந்த உறவை ரத்து செய்தது. ‘ஜாஸ்’ நான்காம் பாகத்தில் (1987) சுறாவுக்குக் குடும்பப் பகை வந்துவிடுகிறது, பழிவாங்க பஹாமாஸ்வரை நீந்திப் போகிறது! வேறு வியாதியும் இருக்கிறது: ‘பிளேர் விட்ச் 2’ (2000) படத்தின் தலைப்பிலேயே ‘புக் ஆஃப் ஷேடோஸ்’ என்று வரும். அப்படி ஒரு புத்தகம் படத்தில் எங்குமே இல்லை.

கேள்வி: எக்ஸார்ஸிஸ்ட் மூன்றாம் பாகமாவது தேறுமா?

பதில்: நன்றாகவே தேறும். தன் நாவலை வைத்து பிளாட்டியே இயக்கியது (1990). ஆஸ்பத்திரி வராந்தா ஒன்று, எதிர்க்கோடியில் அசையாத கேமரா. நர்ஸ் அறைக்கு அறை போய் வருகிறாள், ஒன்றும் நடக்கவில்லை. பார்ப்பவர் அசந்த நேரத்தில், பெரிய கத்தரியோடு வெள்ளைத் துணி போர்த்திய உருவம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது. இந்தத் தொடரின் ஆகச் சிறந்த பயம் இதுதான். ஆனால் எக்ஸார்ஸிஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டுப் பேயோட்டாமல் விடலாமா என்று தயாரிப்பு நிறுவனம் கேட்டது. கடைசியில் ஒரு பாதிரியாரைக் கொண்டுவந்து ஓட்டவைத்தார்கள்.

கேள்வி: ஒரே கதையை இரண்டு முறை எடுத்தார்களாமே?

பதில்: ஆமாம். முன்கதையை பால் ஷ்ரேடர் எடுத்து முடித்தார். பயம் போதவில்லை என்று ரென்னி ஹார்லினை வைத்து மறுபடி எடுத்தார்கள். அது 2004-இல் தோற்றது, ஷ்ரேடர் படம் 2005-இல் வெளிவந்தது. இரண்டிலும் நாயகன் ஸ்டெலன் ஸ்கார்ஸ்கார்ட்தான்.

கேள்வி: 2023 படம்?

பதில்: ‘பிலீவர்’ அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. டெய்லர் ஸ்விஃப்ட்டின் கச்சேரிப் படமும் அதே நாளில் என்று தெரிந்ததும் ஒரு வாரம் முன்னதாக ஓடிவிட்டது. சாத்தானுக்கே போட்டி பார்த்துப் பயம்! திட்டமிட்ட அடுத்த பாகமும் கைவிடப்பட்டது.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்ப்பது?

பதில்: முதல் பாகம், பிறகு நேரே மூன்றாம் பாகம். பிளாட்டி முதலில் நினைத்த வடிவத்தை, பழைய வீடியோ டேப் காட்சிகளைச் சேர்த்து 2016-இல் வெளியிட்டார்கள். சில இடங்களில் படம் மங்கும். பொறுத்துக்கொள்ளலாம்.