சிறுமியர் குறுமுடி இயல்: எளிய பராமரிப்பு என்னும் கோட்பாடு குறித்த ஓர் ஆராய்ச்சி

1. பாயிரம்

பெண்களின் கூந்தலைப் பற்றித் தமிழ் மரபு ஆராயாமல் விட்டது மிகக் குறைவு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை எனக் கூந்தல் ஒப்பனையை ஐந்தாகப் பகுத்து, அவ்வைந்தும் சேர்ந்ததை ஐம்பால் என்று வழங்கியவர்கள் முன்னோர். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்ற ஐயத்தைத் தீர்க்கப் பாண்டியன் பொற்கிழி தொங்கவிட்டான் என்றும், அவ்வழக்கில் இறைவனே நேரில் வந்து நக்கீரரோடு வாதிட்டான் என்றும் திருவிளையாடற் புராணம் கூறும். ஆயினும், காலை ஏழரை மணிக்குப் பள்ளிப் பேருந்து தெருமுனையில் ஒலி எழுப்பும்போது அவ்வைந்தில் எதனைச் சீவி முடிக்க இயலும் என்ற வினாவைச் சங்கப் பலகையில் அமர்ந்த எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. மணத்தை ஆராய்ந்த மரபு சிக்கை ஆராயாமல் விட்ட அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வில் வரும் மூன்று சொற்களுக்கு இங்கே எல்லை வகுக்க வேண்டும். *சிறுமி* என்பது ஏறத்தாழ நான்கு வயது முதல் பத்து வயது வரை உள்ளவளை, அதாவது தன் தலையைப் பற்றித் தெளிவான கருத்தும் அதனை நிறைவேற்றும் அதிகாரமின்மையும் ஒருங்கே பெற்றவளைக் குறிக்கும். *குறுமுடி* என்பது தோளைத் தொடாத முடி. *எளிய பராமரிப்பு* என்பதற்கு மட்டும் வரையறை இறுதி இயலுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஏனெனில் தாய், தந்தை, பாட்டி, முடிதிருத்துநர் ஆகிய நால்வரும் இச்சொல்லை ஒரே வாக்கியத்தில் பயன்படுத்தி நான்கு வெவ்வேறு பொருள்களைக் கொள்வது கள ஆய்வில் எளிதாகக் காணக்கூடியது.

2. வகையியல்

தமிழகத்துச் சலூன்களிலும் அழகு நிலையங்களிலும் இன்று வழங்கும் சிறுமியர் குறுமுடியை மூன்று வகையாகப் பிரிக்கலாம். காதுகள் முழுதும் வெளிப்பட, பிடரியில் ஒட்ட வெட்டப்படுவது பாய் கட். தலையைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில், காதின் மேற்பாதியை மூடித் தொப்பி கவிழ்த்த தோற்றம் தருவது மஷ்ரூம் கட். காது மடலுக்கும் தாடைக்கும் இடைப்பட்ட மட்டத்தில் நேர்கோட்டில் நிறுத்தப்படுவது பாப் கட். இம்மூன்றோடும் விருப்பப்படி சேரக்கூடிய பின்னிணைப்பு ஒன்று உண்டு. அது நெற்றியின் மீது புருவம் வரை தொங்கவிடப்படும் முன்முடி.

இவற்றுள் பாப் கட்டின் வரலாறு ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. அமெரிக்க நடனக் கலைஞர் ஐரீன் காசில் 1915 வாக்கில் முடியைக் குறுக்கிக்கொண்ட பின் பரவத் தொடங்கிய இவ்வெட்டு, 1920களில் மேலை நாடுகளில் புதுமைப் பெண்ணின் அடையாளமாகி, வீடுகளில் பூசலையும் நாளேடுகளில் கண்டனத்தையும் விளைவித்தது. 1960களில் லண்டன் முடிதிருத்துநர் விடால் சசூன், கழுவி உலரவிட்டுத் தலையை ஒருமுறை உதறினால் முடி தானாகத் தன் இடத்தில் விழுமாறு கோண அளவுகளோடு அதனைத் திருத்தி அமைத்தார். எளிய பராமரிப்பு என்ற கொள்கைக்கு மூலநூல் ஒன்று தேடினால் அது அவருடைய கத்தரிக்கோலே. எனினும், முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்க்கப்பட்ட தலை, உதறினாலும் தன் இடம் விட்டுப் பெயராது என்ற நிலைமையை அவர் கணக்கில் கொண்டிருக்க வாய்ப்பில்லை.

முன்முடியின் இந்திய வரலாறு இன்னும் அணுக்கமானது. 1960இல் வெளிவந்த 'லவ் இன் சிம்லா' என்ற இந்திப் படத்தில், நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைப்பதற்காக அமைக்கப்பட்ட முன்முடி, சாதனா கட் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. ஒரு நெற்றிக்கான தீர்வு, அச்சிக்கல் இல்லாத எண்ணற்ற நெற்றிகளின் மீதும் இவ்வாறு கவிந்தது.

இவ்வகைகளுக்கு அப்பால் சுழிய நிலை ஒன்றும் உண்டு; அது மொட்டை. பராமரிப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் இதனை விஞ்சும் வடிவம் இல்லை. பழனி, சமயபுரம், திருப்பதி, வேளாங்கண்ணி ஆகிய தலங்களில் இதற்கான வசதியும் குறைவின்றி உள்ளது. ஆனால் இந்நிலை நீடிப்பதில்லை. மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கு செ.மீ. அளவுக்கு வளர்ந்து நிற்கும் முடி, சீப்புக்கும் படியாது, கிளிப்புக்கும் அகப்படாது, நாற்புறமும் விறைத்து நிற்கும். மேலும், குலதெய்வத்துக்கு முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டு அது நிலுவையில் இருக்குமானால், அக்கடன் தீரும்வரை வேறெந்த வகையையும் விவாதத்துக்கு எடுக்கவே குடும்பத்து மூத்தோர் இசைவதில்லை.

3. அளவையியல்

முடிதிருத்துநர் கேட்கும் முதல் வினா, எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது. பெற்றோர் தரும் விடை, கொஞ்சம் என்பது. இவ்விடை ஓர் அளவைப் பெயர் என்பதில் ஐயமில்லை; ஆனால் அதன் மதிப்பு சொல்பவரின் அச்சத்துக்கும் கேட்பவரின் அவசரத்துக்கும் ஏற்ப ஒரு விரற்கடை முதல் ஒரு சாண் வரை வேறுபடும்.

இவ்வேறுபாட்டுக்கு இயற்பியல் காரணமும் உண்டு. தண்ணீர் தெளித்துச் சீவிய முடி நீண்டு தொங்கும். உலர்ந்தபின் சுருங்கி மேலேறும். நேரான முடியில் இந்த ஏற்றம் சிறிது. சுருட்டை முடியில் பெரிது. ஆகவே ஈரத்தில் தாடையளவு நின்ற சுருட்டை முடி, வீடு வந்து சேர்வதற்குள் காதளவுக்கு உயர்ந்து, வாசலில் காத்திருக்கும் பாட்டியின் குரலையும் அவ்வாறே உயர்த்துகிறது.

இரண்டாவது காரணம், சமன் செய்தல் என்று இங்குப் பெயரிடப்படும் நிகழ்வு. நாற்காலியின் இரு கைப்பிடிகளுக்கும் குறுக்கே வைத்த பலகையின் மீது அமர்த்தப்பட்ட சிறுமி, எதிரே கண்ணாடியையும் மேலே தொலைக்காட்சியையும் மாறி மாறிப் பார்ப்பதால், வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்றுக் குறைந்துவிடும். அதற்கு ஈடாக இடப்பக்கம் குறைக்கப்படும். அது மிகுதியாகிவிட, மீண்டும் வலப்பக்கம். இருபுறமும் சமமாகும் புள்ளி கோட்பாட்டளவில் உண்டு. பாப் கட்டாகத் தொடங்கிய முடி அப்புள்ளியை எட்டும்போது பாய் கட்டாக மாறியிருப்பது வழக்கம்.

மூன்றாவது காரணம் சுழி. உச்சிக்குச் சற்றுப் பின்னே, முடிகள் சுழன்று வெளிப்படும் மையம் இப்பெயர் பெறும். பெரும்பாலோர்க்கு இது ஒன்று, சிலர்க்கு இரண்டு. இரட்டைச் சுழி குறும்பின் அடையாளம் என்பது நாட்டு வழக்கு. முடிதிருத்தும் தொழிலில் இதற்கு வேறு பொருள் உண்டு: சுழியை ஒட்டிய முடி தான் முளைக்கும் திசையிலேயே நிற்க முயல்வதால், அங்கே ஒட்ட வெட்டினால் அது படியாமல் எழுந்துகொள்ளும். எனவே குறும்பு குழந்தையினுடையதா முடியினுடையதா என்பதைப் பிரித்தறிந்த பின்னரே பாய் கட்டுக்கு இசைவு தருவது நன்று.

4. காலவியல்

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1.25 செ.மீ. வளரும். கோடை விடுமுறையின் கடைசியில் தாடை மட்டத்தில் நிறுத்திய பாப் கட், இக்கணக்கின்படி காலாண்டுத் தேர்வு முடியும் வேளையில் தோளை எட்டிவிடும். தோள் என்பது உடலுறுப்பு மட்டுமன்று, ஒரு சட்ட எல்லையும் ஆகும். அதனைத் தொட்ட முடியை இரட்டைச் சடையாகப் பின்னி, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும் என்பது பல பள்ளிகளின் விதி. முன்முடியின் ஆயுள் இன்னும் குறுகியது. புருவத்தில் நின்றது ஒன்றரை மாதத்தில் கண்ணுக்குள் இறங்கி, கரும்பலகைக்கும் மாணவிக்கும் இடையே திரையாகிறது.

ஆகவே முடி குறையக் குறையச் சலூனுக்குச் செல்லும் தடவை கூடும் என்ற தலைகீழ் விகிதம் பெறப்படுகிறது. சென்று வருவதற்கான நாளைத் தேர்வதும் எளிதன்று. செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை முடி வெட்டப் பாட்டி இசைவதில்லை. அமாவாசையும் பிறந்த நட்சத்திரம் வரும் நாளும் விலக்கு. எஞ்சிய நாள்களில் பள்ளி உண்டு. இத்தனையும் கழித்தபின் மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அன்று ஊரிலுள்ள அத்தனை தந்தையரும் இதே கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டு அதே பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள்.

5. பேனியல்

குறுமுடிக்கு ஆதரவாகப் பெரிதும் முன்வைக்கப்படும் வாதம் பேன். இதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பேனுக்குச் சிறகும் இல்லை, தாவும் ஆற்றலும் இல்லை. தலையோடு தலை சேரும்போது அது ஊர்ந்து இடம் மாறுகிறது. அதன் முட்டையாகிய ஈர், முடியின் அடியில், தோலை ஒட்டிய பகுதியில் பசையால் ஒட்டப்பட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் பொரிக்கும். வேரருகே குடியிருக்கும் உயிரினத்துக்கு நுனியில் நிகழும் வெட்டு ஒரு பொருட்டன்று. ஒரே பெஞ்சில் இரு தோழியர் ஒரு புத்தகத்தின் மீது குனிந்து படிக்கும் வரை, பாப் கட்டிலும் அதன் போக்குவரத்து தடையின்றி நடைபெறும். குறுமுடியின் நன்மை பேன் சீப்புக்கே உரியது: வேர் முதல் நுனி வரை சிக்கின்றிச் செல்லும் தொலைவு குறைவதால் வாரும் நேரமும், அதனோடு அழுகையின் நேரமும் குறைகின்றன.

6. மறுப்புரையும் அதற்கு மறுப்பும்

எதிர்த்தரப்பின் வாதங்களைப் பாட்டி நான்காகத் தொகுத்துரைப்பார். முதலாவது, பூ. ஒரு முழம் மல்லிகைக்குப் பற்றுக்கோடாகச் சடை வேண்டும். பாப் கட்டில் கிளிப்பின் துணையோடு செருகிய பூ, முதல் ஓட்டத்திலேயே தரை சேரும். இரண்டாவது, தை மாதம் வரும் சித்தியின் கல்யாணம்; சவுரியும் குஞ்சலமும் வைத்துப் பின்னுவதற்கும் கொஞ்சம் சொந்த முடி முதலீடாக வேண்டும். பரதநாட்டிய வகுப்புக்கும் இதே நிபந்தனை பொருந்தும். இவ்விரு வாதங்களும் வலுவானவை; காது மட்டத்திலிருந்து நடுமுதுகு வரை வளர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், கல்யாணத் தேதியை அறிந்துகொண்டு கத்தரியை எடுப்பதே விவேகம்.

மூன்றாவது வாதம், வெட்டினால் முடி வளராது என்பது. இதே பாட்டி, மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற கொள்கையையும் உடையவர். தோலுக்கு வெளியே உள்ள முடி உயிரற்றது, அதனை வெட்டுவது தோலுக்குள் இருக்கும் வேருக்குத் தெரியாது என்று அறிவியல் கூறுவதால், இவ்விரு கொள்கைகளும் ஒரே தீர்ப்பில் தள்ளுபடியாகின்றன.

நான்காவது வாதம், பையனைப் போல இருக்கிறாள் என்பது. பெண்கள் ஆண்களைப் போலவே முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் இதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே விடையளித்துவிட்டார். அவருடைய வாதத்தில் தலைவாரும் பொழுது பெண்ணுக்கு மிச்சமாவதும் அடங்கும். அவரை ஏற்று மேடையில் கைதட்டிய தாத்தாவும், பேத்தியின் தலை என்று வரும்போது பாட்டியின் பக்கம் சாய்ந்துவிடுவது தனி ஆய்வுக்கு உரியது.

7. உழைப்பு அழியாக் கொள்கை

மேற்கண்ட இயல்களிலிருந்து பொதுவிதி ஒன்றைப் பெறலாம்: முடியை வெட்டுவதால் பராமரிப்பு உழைப்பு குறைவதில்லை, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது. நீண்ட முடியில் எண்ணெய், வகிடு, சிக்கு, பின்னல், ரிப்பன் ஆகிய யாவும் தாயின் காலைப்பொழுதில் விழுகின்றன. வெட்டியபின் அவ்வுழைப்பின் ஒரு பகுதி தந்தையின் ஞாயிற்றுக்கிழமைக்கும், ஒரு பகுதி தொலைந்துகொண்டே இருக்கும் ஹேர்பேண்டுகளை வாங்கும் செலவுக்கும், ஒரு பகுதி, உறங்கி எழுந்ததும் பக்கவாட்டில் எழும்பி நிற்கும் முடியைத் தண்ணீர் தொட்டுப் படியவைக்கும் முயற்சிக்கும் பிரிந்து செல்கிறது. தாய் இவ்வெட்டை எளிது என்கிறார், அவருடைய பங்கு குறைந்துவிட்டது. தந்தை அரிது என்கிறார், அவருக்கு இதுவரை பங்கே இருந்ததில்லை. ஒரே தலையைப் பற்றிய இம்முரண், முடியின் இயல்பில் எழுவதன்று, கையின் இயல்பில் எழுவது.

8. முடிபு

ஒத்திவைத்த வரையறையை இனிக் கூறலாம். எளிய பராமரிப்பு என்பது, பிறர் உதவியும் கண்ணாடியும் இன்றி, ஒரு சீப்பைக் கொண்டு சிறுமி தானே முடித்துக்கொள்ளத்தக்க நிலை. உழைப்பு எவர் கைக்காவது மாறித்தான் தீரும் என்றால், அது முடிக்கு உரியவளின் கைக்கு மாறுவதே நியாயம். முகம் வட்டமா நீளமா என்ற ஆராய்ச்சி அதன் பின்னர் வருவது.

இவ்வளவுகோலின்படி, முன்முடி இல்லாத பாப் கட், காது மடலுக்குச் சற்றுக் கீழாகவும் சட்டைக் காலருக்குச் சற்று மேலாகவும் நின்று, பக்க வகிடு எடுத்து, ஒரு கிளிப்பால் காதுக்குப் பின் ஒதுக்கக் கூடியதாக அமைவது முதலிடம் பெறுகிறது. சுருட்டை முடிக்கு இம்மட்டத்தை இரண்டு விரற்கடை தாழ்த்தியும், ஈரமின்றி உலர்ந்த நிலையிலும் வெட்டச் சொல்ல வேண்டும். தன் எடையே அதனைக் கீழே இருத்தும். பாய் கட், ஒற்றைச் சுழியும் மாதந்தோறும் பொறுமையும் வாய்த்த குடும்பங்களுக்கு மட்டும் பரிந்துரைக்கப்படுகிறது. கொஞ்சம் என்ற சொல்லைத் தவிர்த்து, வெட்ட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டுவது எல்லா வகைக்கும் பொது.

இறுதியாக ஒரு குறைபாடு சுட்டத்தக்கது. தாய், தந்தை, பாட்டி, முடிதிருத்துநர், பள்ளி ஆகிய ஐந்து தரப்பும் முந்தைய இயல்களில் சான்று கூறியிருக்க, பலகையில் அமர்ந்திருப்பவள் மட்டும் விசாரிக்கப்படவில்லை. அவளைக் கேட்டால், பக்கத்து இருக்கைத் தோழிக்கு இருப்பதைப் போல முட்டிவரை தொங்கும் இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும் வேண்டும் என்று கூறும் வாய்ப்பு கணிசமானது. அந்நேர்வில் இக்கட்டுரையின் பரிந்துரைகள் யாவும் நிறுத்திவைக்கப்பட்டு, ஏழாம் இயலின் விதி மட்டும் நடைமுறைக்கு வரும். அழியாத அவ்வுழைப்பைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு, முடியை மூன்று புரியாகப் பிரித்து, ஓரப் புரியை நடுவுக்கு மாற்றி மாற்றிக் கொண்டுவரும் முறையைத் தந்தையர்க்கு முதலிலிருந்து விளக்கும் பின்னல் இலக்கணம் ஒன்று இயற்றப்பட வேண்டும். அந்நூலுக்கான தேவை அவசரமானது. பேருந்து ஏழரைக்கு வந்துவிடும்.