இல்லாதவருக்குக் கடன்

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் மரகதவல்லித் தாயாருக்குத் தனிப் புகழ் உண்டு. பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது பயறு முளைவிட்டிருந்தால் வரம் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கை. வறுத்தது எப்படி முளைக்கும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தாயார் யாரிடமும் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் இதே அற்புதத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு செய்கிற ஒரு கூட்டம் காஞ்சிபுரத்துக்கும் பாலுசெட்டிசத்திரத்துக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனி தம்பி வருவான். திண்ணையில் உட்காருவான். பையிலிருந்து டேப்பை எடுப்பான்.

“தறி எத்தனைக்கா?”

“ரெண்டு இருந்துது தம்பி. ஒண்ணு நின்னு வருஷமாவுது.”

“ரெண்டு. மாடு?”

“வித்துட்டோம்.”

“வித்த மாடு பால் கறந்திருக்கும் இல்ல? ஒண்ணு போடுறேன். பையன்?”

“பத்தாவது படிக்கிறான்.”

“நாளைக்குக் கம்பெனிக்குப் போவான். பன்னெண்டாயிரம்.”

கால் மணி நேரத்தில் அந்த வீட்டு வருமானம் முளைத்து, இலைவிட்டு, காய்த்தும் விடுகிறது. இதற்குக் கம்பெனி மொழியில் ‘வருமான மதிப்பீடு’ என்று பெயர். வருமானச் சான்று இல்லாத ஏழைக்கும் வீட்டுக்கடன் கிடைக்க வேண்டும் என்ற புனித நோக்கத்தில் பிறந்தது இது. தம்பியைத் திட்டிப் பயனில்லை. முப்பத்தோராம் தேதிக்குள் டார்கெட் முடிக்காவிட்டால் அவன் வீட்டு ஈஎம்ஐயை யார் கட்டுவார்கள்?

பட்டு நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால் கூலி. அடுத்த பாவு வரும்வரை காத்திருப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் தண்ணீர் ஏறினால் கால் வைக்கக்கூட இடமில்லை. இது அந்தக் கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி தவணை வைக்கிறது. ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லையென்றால் பவுன்ஸ் சார்ஜ், அதற்கு மேல் அபராதம். ஏழை தாமதிப்பான் என்பது இந்த வியாபாரத்தில் ஆபத்து அல்ல. அதுவும் ஒரு வரவினம்.

கணக்கைப் பார்ப்போம். ஐந்து லட்சம் கடன், 18 சதவீத வட்டி, பத்து ஆண்டு. மாதம் 9,009 ரூபாய். கட்டி முடிக்கும்போது 10 லட்சத்து 81 ஆயிரம். கையில் வருவது ஐந்து லட்சமும் அல்ல. ப்ராசஸிங் சார்ஜ், லீகல் சார்ஜ், மதிப்பீட்டாளர் சார்ஜ் எல்லாம் போகும். கடன் வாங்கியவர் செத்துப்போனால் கம்பெனிக்கு நஷ்டம் வரக்கூடாதென்று ஆயுள் இன்சூரன்ஸ் பிரீமியம் வேறு. அதையும் கடனிலேயே சேர்த்து, அதற்கும் வட்டி. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கிரியை செய்த தலம் திருப்புட்குழி என்பார்கள். கிரியைச் செலவை முன்கூட்டியே ஜடாயுவின் பெயரில் பற்று எழுதி வட்டி போட வேண்டும் என்று அந்த அப்பாவிக்குத் தோன்றவில்லை.

விதியே இல்லையா என்றால், வண்டி வண்டியாக இருக்கிறது. 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. மீதி பத்து வாங்குபவரின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். அந்தச் சொந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? தாலிச்சங்கிலி அடகுக்கடைக்குப் போய்க் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறுகிறது. போதாததற்கு மகளிர் குழுக் கடன். நுண்கடனுக்கும் 2022-இல் ஒரு விதி போட்டார்கள்: ஆண்டுக்கு 3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. பாதி! அதுவும் எந்த வருமானத்தில் பாதி? விற்ற மாடும் நின்ற தறியும் சேர்ந்து காய்த்த வருமானத்தில்.

வங்கியிலேயே கடன் கிடைத்த பாக்கியசாலிகள் சிரிக்க வேண்டாம். 2021 பண்டிகைக் காலத்தில் வீட்டுக்கடன் 6.7 சதவீதம் என்று பேனர் கட்டினார்கள். ‘மாறும் வட்டி’ என்ற வரி பேனரில் எறும்பு அளவில் இருந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. பத்து லட்சத்தை இருபது ஆண்டுக்கு வாங்கியவர் கட்டியது மாதம் 7,574. ஓராண்டு கட்டியபின் வட்டி 9.2 ஆகிவிட்டால், அதே தவணையில் அசலுக்குப் போவது நூறு ரூபாய்கூட இல்லை. தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் இழுத்தால், கணக்குப்படி கடன் தீர இன்னும் 47 ஆண்டுக்கு மேல் ஆகும். பல இடங்களில் வாடிக்கையாளரைக் கேட்காமலேயே காலத்தைத்தான் இழுத்தார்கள். இழுப்பதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2023 ஆகஸ்டில். வட்டியெல்லாம் ஏறி முடிந்து ஆறு மாதம் கழித்து.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு அறையும் ஓடும் போதுமாயிருந்த இடத்தில், எதிர்வீட்டுக்காரன் எலிவேஷனில் டைல்ஸ் ஒட்டினான் என்பதற்காக மாடி எழுப்புகிறோம். கிரகப்பிரவேசத்துக்குக் கட்சிக்காரர் முதல் கவுன்சிலர் வரை ஃப்ளெக்ஸில் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கும் மீட்டர் வட்டி. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் என்று அறிவித்ததும் சுற்றுவட்டாரமெல்லாம் ‘ஏர்போர்ட் அருகில்’ ஆகிவிட்டது. ஏகனாபுரத்துக்காரர்கள் ஊரே போகிறதென்று போராடிக்கொண்டிருந்தபோது, வராத விமானத்தை நம்பி மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களும் நம் ஆட்கள்தான். ஆனாலும் ஆசைப்படுபவனுக்கும் அந்த ஆசையை எடைபோட்டு விற்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. ஆசைப்படுபவனிடம் ஆடிட்டர் இல்லை.

அமெரிக்காவில் இதையே கோட்டு சூட்டோடு செய்தார்கள். வருமானம் பார்க்காமல் வீட்டுக்கடன் கொடுத்து, அந்தக் கடன்களை மூட்டையாகக் கட்டி அடுத்தவன் தலையில் விற்றார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபோது உலகமே வாயில் அடித்துக்கொண்டது. நெசவாளி கவிழ்ந்தால் அப்படிச் சத்தம் வராது. முதலில் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ். பிறகு வீட்டைக் கையகப்படுத்திய அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும். ஒன்று உள்ளூர் மொழியில். உறவுக்காரர்கள் படிக்க வேண்டுமல்லவா? சட்டத்தில் சொல்லாத கலைப்பணியையும் சில கம்பெனிகள் செய்கின்றன. ‘இந்த வீடு அடமானத்தில் உள்ளது’ என்று சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அதைப் படித்துக்கொண்டே வாசல் தாண்டுகிறது.

மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. நல்லது. திருப்பிக் கட்ட முடியாது என்று தெரிந்தே கொடுப்பதைத் தடுக்க எப்போது? அதைத் தடுத்தால் வளர்ச்சி நின்றுவிடுமாம்.

“வாங்கினால் கட்ட வேண்டாமா?” என்று கேட்கும் உத்தமர்களுக்காக ஓர் எண் வைத்திருக்கிறேன். 2023-24 வரையிலான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். இது தள்ளுபடி அல்ல, வசூல் முயற்சி தொடரும் என்று விளக்கமும் தருவார்கள். தொடரட்டும். எந்தத் தொழிலதிபர் பங்களாச் சுவரில் சிவப்புப் பெயிண்ட் இருக்கிறது? வேண்டுமென்றே கட்டாமல் விட்டவர்களோடும் சமரசம் பேசலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டது. நெசவாளி பாவம், கட்ட முடியாமல் கட்டாதவர். அந்தச் சலுகைக்கு வேண்டிய தகுதி அவரிடம் இல்லை.

தகுதி என்றால் என்ன என்று டிஎச்எஃப்எல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழைகளுக்கு வீட்டுக்கடன் தருவதாகச் சொல்லிப் பெரிதான கம்பெனி. மும்பை பாந்த்ராவில் இல்லவே இல்லாத ஒரு கிளையைக் கணக்கில் மட்டும் திறந்து, 2.60 லட்சம் போலி வீட்டுக்கடன் கணக்குகளைக் காட்டினார்கள், தொகை 14,046 கோடி, ஏழைகளுக்கான பிரதமரின் வீட்டுத் திட்ட வட்டி மானியத்தையும் அந்தப் பேரில் கேட்டார்கள் என்பது 2021-இல் சிபிஐ போட்ட வழக்கின் குற்றச்சாட்டு. கம்பெனி திவாலாகி, சுமார் 87,000 கோடி கேட்டு நின்றவர்களுக்கு 34,250 கோடி தந்து பிரமல் குழுமம் அதை வாங்கியது. மிச்சப் பணம் எங்கே என்று யாரும் திண்ணையில் வந்து உட்காரவில்லை.

ஆகவே வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கும் நெசவாளிகளுக்கு ஒரு யோசனை. பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தறி எத்தனை என்று சொல்லாதீர்கள். முக்கியமாக, நீங்கள் போகவே போகாதீர்கள். ஆள் இல்லையென்றால் கடன் சுலபமாக சாங்ஷன் ஆகும், மானியத்தோடு.