மாணவர் குறும்படத்தில் பிணத்தின் இடம்: ஓர் ஆய்வு

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் ஐந்து பேர் செமஸ்டர் குறும்படத்துக்குக் கதை பேச உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் ‘மர்மப் படம்’ என்று முடிவாகிவிடுகிறது. அந்த வகைமீது கொண்ட காதலே காரணம் என்பது மாணவர் தரப்பு. விடுதி அறையில் ஒரே ஒரு டியூப்லைட் இருப்பதே காரணம் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

காதல் கதைக்கு நாயகி வேண்டும். ஆறு மணிக்குள் அவரை வீட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டும். குடும்பக் கதையோ, இருபது வயதுப் பையன் தலையில் பவுடர் கொட்டினால் அப்பாவாகிவிடுவான் என்ற நம்பிக்கையில் தொடங்கி முதல் ஷாட்டிலேயே முடிந்துவிடும். மர்மத்துக்கு இருட்டு போதும். அதை மின்வாரியமே சில நாள் இலவசமாகத் தருகிறது.

முன்னோர் சான்றும் உண்டு. எஸ். பாலசந்தர் 1954-இல் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார். இதை மேற்கோள் காட்டாத மாணவர் இல்லை. தங்கள் படத்திலும் பாட்டு இல்லை என்பதே அவர்கள் கண்ட ஒற்றுமை. அடுத்த சான்று கிறிஸ்டோபர் நோலன். 1998-இல் வெளிவந்த ‘ஃபாலோயிங்’ படத்தை நண்பர்களை வைத்து, சனிக்கிழமைகளில், சொற்பச் செலவில் எடுத்தவர். ஃபிலிமை மிச்சப்படுத்த அவர் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார் என்ற பகுதி மட்டும் மாணவர் கண்ணில் படுவதில்லை.

இனி பாத்திரத் தேர்வு. அண்ணன் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு எவனிடம் இருக்கிறதோ அவன் துப்பறிவாளன். நடிப்பே வராதவன் பிணம். இங்கேதான் அறிஞர் பெருமக்கள் சறுக்குகிறார்கள். படத்திலேயே கடினமான வேடம் பிணம்தான். மூச்சை அடக்கினாலும் வயிறு ஏறி இறங்கும். குளோஸப் வைத்தால் இமை துடிக்கும். ரத்தத்துக்காக ஊற்றிய தக்காளி சாஸுக்கு எறும்பு வரும்; வந்ததும் பிணம் எழுந்து போய்விடும். எடிட்டர் இதற்கொரு வழி கண்டார்: பிணம் வரும் ஷாட்டை அப்படியே ஸ்டில்லாக நிறுத்திவிடுவது. நிறுத்தியதும் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றுவிடுகிறது.

கொலையாளி யார் என்பதையும் கதை தீர்மானிப்பதில்லை. இங்கிலாந்துப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவாளனே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பாவம், பாதிரியாருக்குப் பொங்கல் விடுமுறை தெரியாது. கொலையாளியாக நடித்தவன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டால், மிச்சமிருப்பவன் கோட்டுக்காரன் ஒருவனே. கோட்டும் அண்ணனிடம் திரும்பிவிட்டால் முடிவைப் பார்வையாளரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இதற்கு ‘ஓப்பன் எண்டிங்’ என்று பெயர்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

“எல்லாம் சரிப்பா, அந்த ஃபேன் ஏன் நின்னுச்சு?”

இயக்குநர் சற்றும் தயங்கவில்லை. “அதான் சார் துப்பே.”