தங்கம் தியேட்டருக்கு எதுத்தாப்ல

கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை ஆரம்பித்து வண்டிகளை அங்கிட்டும் இங்கிட்டுமாகத் திருப்பிவிட்ட நாளிலிருந்து மதுரையில் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் யோகம் அடித்துவிட்டது. காண்டிராக்டர்களைச் சொல்லவில்லை. வழி சொல்கிறவர்களைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஆள் வந்து கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். இப்போது தடுப்பைப் பார்த்து வண்டியின் வேகத்தைக் குறைத்தாலே போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு கை எழும்பி, "அங்கிட்டுப் போகாதீங்கண்ணே, இங்கிட்டு வாங்க" என்கிறது. கேட்ட வழியைச் சொன்னால் உபகாரம். கேட்காத வழியைச் சொல்வதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அன்றும் பிரிவு இல்லை, அதை மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்தபோதும் யாருக்கும் சேர்க்கத் தோன்றவில்லை. எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்கிவிடுவேன், ஊர்ப் பழக்கம் அப்படி. இதற்குச் சுலபமான தீர்வு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் மருந்துக்கு முன் நோயின் முழு விவரமும் தெரிய வேண்டும்.

நோயின் கடுமையை அளக்க உள்ளூர்க்காரர்கள் லாயக்கில்லை, நமக்கு அது மரத்துப்போய்விட்டது. சரியான அளவுகோல், வெளிநாட்டிலிருந்து இங்கே கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கிவிட வந்து இறங்குகிற இளசுதான். மதுரைக்கு இது புதுசில்லை. 1881இல் பசுமலையில் தொடங்கி 1909இல் வைகையின் வடகரைக்கு வந்து சேர்ந்தது அமெரிக்கன் கல்லூரி. 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கியது லேடி டோக் கல்லூரி. இந்த இரண்டுக்கும், ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு இளைஞர்கள் ஆங்கிலம் கற்பிக்க வந்து போனார்கள். 1950களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வழக்கம் அது. முதலில் வந்தவர்களில் ஒருவரான ஜோசப் எல்டர் பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். மதுரையில் நாலு பேரிடம் வழி கேட்கிற எவருக்கும் சமூகவியலில் ஆர்வம் பிறந்தே தீரும் என்பது என் கட்சி. பிரான்ஸில் இதே வேலைக்கு அரசாங்கமே வெளிநாட்டுப் பிள்ளைகளை அழைத்துப் பள்ளிகளில் உதவியாளராக வைக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற ஏற்பாடு. அங்கே போய் இறங்குகிறவருக்குத் தெருமுனைச் சுவரில் பெயர்ப்பலகை இருக்கும், வாசலில் எண் இருக்கும். பாரிஸில் 1805இல் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள்: செய்ன் நதியை விட்டு விலகிப் போகும் தெருக்களில் நதிப்பக்கத்து வீட்டிலிருந்து எண் தொடங்கும், நதியோடு சேர்ந்து போகும் தெருக்களில் தண்ணீர் ஓடுகிற திசையில் எண் ஏறும். மதுரையிலும் அதைச் செய்யலாம். வைகையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் காட்ட, முதலில் தண்ணீர் வேண்டும்.

இத்தனைக்கும் மதுரையில் தொலைந்துபோவது லேசான காரியம் இல்லை. வடகிழக்கே யானைமலை படுத்திருக்கிறது. மேற்கே நாகமலை நீண்டுகிடக்கிறது. தெற்கே திருப்பரங்குன்றம், நடுவில் ஆறு. சுற்றிலும் வயக்காட்டுச் சமவெளி, மறைப்பு ஏதும் கிடையாது. ஊருக்குள் நான்கு பக்கமும் கோபுரம். அதைச் சுற்றி நாயக்கர் காலத்தில் ஒழுங்குபடுத்திய சதுர வீதிகள், சதுரத்துக்கு வெளியே சதுரம். எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு மூலையில் திரும்பினால் அடுத்த பக்கம் வந்துவிடும். இதைவிட எளிதாக ஒரு நகரத்தை எப்படி அமைப்பது? பெயரிலும் கோளாறு இல்லை, தமிழ் மாதங்கள்தான். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் சித்திரை, வைகாசி என்று பன்னிரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மனசு குளிர்ந்துபோகும். போய்ப் பார்த்தால் கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கு அப்புறம் மாசி வீதி. சித்திரையைத் தாண்டி வைகாசியைத் தேடுகிற அப்பாவியை எட்டு மாதம் ஏமாற்றிவிட்டு வருஷக் கடைசியில் கொண்டுபோய் விடுகிறோம். போகட்டும், அந்தந்த மாதத் திருவிழா அந்தந்த வீதியில் நடக்கிறதாக்கும் என்று அவர் சமாதானம் செய்துகொள்வார். சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதியில் ஓடும். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிவிட்டார், வீதியின் பெயரை மாற்றவில்லை. அதே நாயக்கர் கட்டிய புதுமண்டபம் இன்றைக்கும் புதுமண்டபம்தான், வயசு நானூறை நெருங்குகிறது. எழுகடல் தெருவில் ஒரு கடல்கூட இல்லை. இவ்வளவும் சேர்ந்தாலும் ஒருவர் இரண்டு நாளில் பழகிவிடலாம், நாம் குறுக்கே வராமல் இருந்தால்.

நாம் வருகிறோம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிக்கு வழி கேட்கிற பிள்ளையிடம் நாம் சொல்வது: "தங்கம் தியேட்டர் தெரியுமா? அதுக்கு எதுத்தாப்ல." தங்கம் தியேட்டர் 1952இல் 'பராசக்தி'யோடு திறந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று மூன்று தலைமுறை மதுரைக்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் சண்டை போட்ட தியேட்டர். இப்போது இல்லை. இடித்தாயிற்று, அங்கே ஜவுளிக்கடை நிற்கிறது. சொல்கிறவருக்கு இது தெரியாமல் இல்லை. போன தீபாவளிக்குத் துணி எடுத்ததே அந்தக் கடையில்தான். ஆனாலும் ஜவுளிக்கடைக்கு எதிரே என்று சொல்ல நாக்கு வராது. காரணம் இருக்கிறது. சிந்தாமணி தியேட்டரும் ஜவுளிக்கடையாகிவிட்டது. 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு, அந்தப் பெயரையே வைத்துக் கட்டிய தியேட்டர் அது. ஆக, ஜவுளிக்கடை என்று சொன்னால் எந்த ஜவுளிக்கடை என்று கேட்பார்கள். அப்போது பழைய சிந்தாமணியா பழைய தங்கமா என்று விளக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முதலிலேயே தங்கம் தியேட்டர் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? இந்தத் தர்க்கத்தை உடைக்க எனக்கு இன்னும் வழி அகப்படவில்லை. ஸ்டேஷன் பக்கம் போக வேண்டும் என்றால் ரீகல் தியேட்டர். பகலில் நூல்நிலையமும் சாயந்தரம் ஆங்கிலப் படமுமாக இருந்த கட்டடம் என்ற விவரத்தையும் அதில் பார்த்த ஜேம்ஸ்பாண்ட் படங்களின் வரிசையையும் சேர்த்துத்தான் தருவோம். ஊரில் முகவரி என்பதே படம் பார்த்த ஞாபகம்தான். சிவாஜி ரசிகரிடம் வழி கேட்டால் ஒரு பாதை, எம்.ஜி.ஆர். ரசிகரிடம் கேட்டால் வேறு பாதை, இரண்டும் அவரவர் கட்-அவுட் நின்ற முனைகளைத் தொட்டுக்கொண்டு போகும். எந்தப் படம் எந்தத் தியேட்டரில் வெள்ளிவிழா கண்டது என்று தெரியாதவன் இந்த ஊரில் தபால்காரனாகவே இருக்க முடியாது. புதிதாக வந்த பிள்ளை கையில் ஒரு சினிமாச் சரித்திரத்தோடு மேலக்கோபுர வீதியில் நிற்கிறது. போக வேண்டிய இடம் ஒரு செருப்புக் கடை. அது பின்னால்தான் இருக்கிறது.

தியேட்டரை விட்டால் மரம், மரத்தை விட்டால் மாடு. மாட்டுத்தாவணியில் மாட்டுச் சந்தை கிடையாது, பேருந்துகள் இருக்கின்றன. பலகையில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் முறைப்பார். சொக்கிகுளத்தில் குளத்தைத் தேடினால் பங்களாக்கள்தாம் கிடைக்கும். கோட்டைச் சுவரை 1840களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் சொன்னபோது வேலையை மேற்பார்த்தவர்கள் என்று சொல்லப்படும் பெருமாள் மேஸ்திரிக்கும் மாரட்டுக்கும் ஆளுக்கொரு வீதியில் பெயர் நிலைத்தது. சுவர் போய்விட்டது, இடித்தவர்கள் மட்டும் நிற்கிறார்கள். இதில் எனக்கு ஒரு நம்பிக்கைகூட உண்டு: தங்கம் தியேட்டரை இடித்த காண்டிராக்டருக்கும் ஒரு சந்து கிடைக்கலாம்.

இது நம் காலத்துச் சோம்பேறித்தனம், பழந்தமிழர் இப்படி இருந்திருக்க மாட்டார்கள் என்று ஒரு தமிழாசிரியர் மறுப்புச் சொல்லக்கூடும். அவர் பத்துப்பாட்டை எடுத்துப் பார்க்கட்டும். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. அதாவது, போய்வந்தவன் போகப்போகிறவனைத் தானே மறித்து வழி சொல்கிற பாட்டு. ஐந்தும் சேர்ந்து 1,917 அடி. மலைபடுகடாம் மட்டும் 583. அதில் பாதையில் என்ன ஆபத்து, எந்த ஊரில் என்ன சோறு போடுவார்கள் என்பது உள்பட எல்லாம் உண்டு. உலக இலக்கியத்தில் காதலுக்கு, போருக்கு, பக்திக்கு என்று வகை வைத்தார்கள். வழி சொல்வதற்கென்றே தனியாகத் துறை கண்டவர்கள் நாம். மதுரை விஷயத்துக்கே வருவோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியோடும் கவுந்தியடிகளோடும் மதுரைக்கு வருகிறான். எதிரே வந்த மாங்காட்டு மறையோனிடம் வழி கேட்டுவிடுகிறான். அவர் ஒரு வழியோடு விட்டாரா? மூன்று பாதை. இடப்பக்கத்துப் பாதையில் திருமால்குன்றம், அங்கே ஒரு பிலம், அதில் மூன்று பொய்கை, எதில் குளித்தால் என்ன கிடைக்கும் என்று விவரம். கவுந்தியடிகள் அதெல்லாம் வேண்டாம் என்று வெட்டிவிட்டார். நடுப்பாதையில் மயக்குகிற தெய்வம் ஒன்று வரும் என்றும் எச்சரிக்கை. கடைசியில் அவர்கள் போனது அந்த நடுப்பாதையில்தான், தெய்வமும் தவறாமல் வந்தது. இளங்கோவடிகள் இதைக் கற்பனையாக எழுதியிருக்க முடியாது என்பதே என் எண்ணம். மதுரை ரோட்டில் வழி கேட்டுப் பார்த்தவர் எழுதியது அது.

"அதெல்லாம் சரி, ஒரு வெளிநாட்டுப் பிள்ளை தடுமாறி நிற்கும்போது சும்மா போகச் சொல்கிறாயா? இது விருந்தோம்பல் இல்லையா? மதுரைக்காரன் கடைசி வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போவானே" என்று கேட்பார்கள். வருவான், மறுக்கவில்லை. வருகிற வழியெல்லாம் அப்பா என்ன வேலை, கல்யாணம் ஆயிருச்சா, உங்க ஊர்ல சம்பளம் எம்புட்டு, நம்ம பயலுக்கு அங்கே ஒரு வேலை பாத்துத் தர முடியுமா என்று விசாரணை நடக்கும். பத்து நிமிஷப் பாதை ஜிகர்தண்டா கடை வழியாக அரைமணி நேரமாகும். விளக்குத்தூண் பக்கத்தில் எது ஒரிஜினல் கடை என்ற வழக்கு முடிந்த பிறகுதான் நடை தொடரும். அன்பில் குறை இல்லை. நான் கேட்பது வேறு: அந்த மனிதருக்கு வழி தெரியுமா? தெரியாவிட்டால், "தெரியாதுப்பா" என்று சொல்லலாம் அல்லவா? சொல்ல மாட்டார். டாக்டரிடம் வியாதியையும் வக்கீலிடம் சொத்தையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிற ஆள், தெரு தெரியாது என்பதை மட்டும் உயிர் போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "நேராப் போயி கேளுங்க" என்பார். இதற்கு என்ன பொருள்? தனக்குத் தெரியாததை அடுத்த முனைக்காரரிடம் தள்ளிவிடுகிறார். அவரும் நேராகப் போகச் சொல்வார். இப்படி நேராக அனுப்பப்பட்டவர்களை யாரும் தடுக்காவிட்டால் தெப்பக்குளத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போய்த்தான் நிற்பார்கள். அங்கேயும் மேலே போகத் தடையாக இருப்பது கடல்தான். வழி சொல்ல ஆள் இல்லாதது அல்ல.

இன்னொரு மறுப்பு கைபேசிக்காரர்களுடையது. வரைபடம் எல்லார் கையிலும் இருக்கும்போது இந்தப் புலம்பல் எதற்கு? கைபேசி வந்த பிறகு நிலைமை மோசம்தான். முன்பு புதியவர் நம்மிடம் கேட்பார், நாம் சொல்வோம். இப்போது கைபேசி சொல்வதை நாம் தப்பு என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. "அது கெடக்குது, ஒன்வேயெல்லாம் அதுக்கு எங்க தெரியும்" என்று ஆரம்பித்தால் நாலு பேர் கூடுவார்கள். அந்தக் கண்ணாடியை வாங்கி, விரலால் தள்ளி, ஊரையே தலைகீழாக்கி, பெரிதாக்கிச் சின்னதாக்கி, கடைசியில் சொந்த வீட்டைக் கண்டுபிடித்து, "இந்தா, இதேன் நம்ம வீடு" என்று சந்தோஷப்பட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். கைபேசியும் பாவம், ஆவணி மூல வீதியின் ஜனத்தில் அதன் நீலப்புள்ளியே நகர இடமில்லாமல் நிற்கிறது.

சரி, மாநகராட்சி பலகை வைக்கக்கூடாதா? வைத்திருக்கிறது. பல முனைகளில் இருக்கிறது. அதன்மேல் காதணி விழா ஃபிளெக்ஸ் இருக்கிறது. அதற்கு மேல் கண்ணீர் அஞ்சலி. எந்த வீதி என்று தெரிந்துகொள்ள வருகிறவர், யார் யாருக்கு எப்போது காது குத்தினார்கள், தாய்மாமன் எந்த ஊர், சீர் எத்தனை தட்டு என்பதுவரை தெரிந்துகொள்ளலாம். வீதியின் பெயர் மட்டும் கிடைக்காது. நடைபாதையில் கடை, கடைக்கு முன்னால் வண்டி, வண்டிக்கு முன்னால் நாம். நின்று அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துத் திசை பிடிக்கலாம் என்றால் பின்னாலிருந்து ஷேர் ஆட்டோ இடிக்கும். இதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு விருப்பமே இல்லை. வேறு மாதிரி எழுதினால் போட மாட்டார்கள்.

ஆக, நான் ஆரம்பத்தில் சொன்ன தீர்வு. மிகவும் எளிது, செலவு கிடையாது, நாளைக்கே செய்யலாம். கீழவாசல் பக்கத்திலிருந்து தொடங்கினால் நன்றாகப் புரியும். சிந்தாமணி தியேட்டரிலிருந்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது தியேட்டர் இருந்த இடத்திலிருந்து, அந்தக் காலத்தில் அங்கே டிக்கெட் கவுண்டர் தெருவைப் பார்த்தா இருந்தது, இல்லை பக்கவாட்டிலா? பக்கவாட்டில்தான் என்று ஒரு கட்சி உண்டு, ஆனால் அவர்கள் சொல்வது தரை டிக்கெட்டுக்கு.